ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள்

அந்தக் கப்பல்காரக் குடும்பத்தைப் பற்றித் தெரிந்த அளவுக்கு என் சொந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. என் தாத்தாவின் அப்பா பேர் என்ன என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் இங்கிலாந்தின் வடக்கே ஒரு ஆற்றங்கரை ஊரில், இருநூறு வருஷத்துக்கு முன்னால் கப்பல் தச்சராக இருந்த ஒருவருக்கு எந்தப் பக்கத்துப் பல் வலித்தது, எந்த மருமகளைக் கண்டால் ஆகாது, எந்தத் தம்பியோடு சாகும்வரை பேச்சுவார்த்தை இல்லை என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இரண்டரை வருஷமாக அவர்கள் வீட்டுக் காகிதங்களைத்தான் அம்பத்தூர் எஸ்டேட்டில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் கம்பெனி மண்ணூர்பேட்டைக்குள்ளே, ஒரு காலத்தில் நட்டு போல்ட் செய்த கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. கீழே இன்னமும் லேத் ஓடுகிறது. வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் பழைய காகிதங்களைப் படம் பிடித்து அனுப்புவார்கள். நாங்கள் அதைப் பார்த்து அடித்துத் திருப்பி அனுப்புவோம். இதையெல்லாம் கம்ப்யூட்டரே படித்துவிடும், நீங்கள் வேறு வேலை பாருங்கள் என்று ஐந்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். படிக்கத்தான் படிக்கிறது. ஆனால் அந்தக் காலத்து இறகுப் பேனா எழுத்தைக் கண்டால் அதுவும் உளறுகிறது. அது உளறுகிறவரை எனக்குச் சம்பளம்.

வேலை முறை இதுதான். ஒரே பக்கத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஒருவர் அடித்ததை இன்னொருவர் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒத்துப்போனால் பக்கம் தேறிவிடும். ஒத்துப்போகவில்லை என்றால் மேனேஜரிடம் போகும். அவர் பார்த்து யார் சரி என்று தீர்ப்பு சொல்வார். தப்பாக அடித்தவருக்கு ஒரு கரும்புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது கடிதம் வந்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நான் பதினைந்து வருஷ சீனியர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு சங்கரன்கோவில் பக்கமிருந்து கல்யாணமாகி ஆவடிக்கு வந்தவள். தீர்ப்பு அநேகமாக என் பக்கமே வரும்.

என்னோடு ஜோடியாக அடித்தவள் குத்தம்பாக்கத்துப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் அம்மாவும் அப்பாவும் அங்கே நாற்று நட்டவர்கள். இப்போது நிலமெல்லாம் கம்பெனியும் பஸ் நிலையமுமாகிவிட்டது. அவர்கள் வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் அவள்தான். புருஷன் எங்கேயோ போய்விட்டான், எங்கே என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. இரண்டு பிள்ளைகளும் அம்மாவும் அவள் தலையில். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு கடிதம் வந்திருந்தது.

கப்பல்காரர்கள் கதைக்கு வருகிறேன். அந்தத் தச்சர் முதலில் ஒரு கப்பலை முழுசாக வாங்கவில்லை. அங்கே ஒரு கப்பலை அறுபத்து நான்கு பங்காகப் பிரிப்பார்களாம். அதில் இரண்டே பங்கு வாங்கினார். பத்து வருஷத்தில் முழுக் கப்பல், அப்புறம் நான்கு. நிலக்கரி ஏற்றிக்கொண்டு போய் அரிசியும் தோலும் சணலும் ஏற்றிக்கொண்டு வருவது. மெட்ராஸுக்கும் வந்திருக்கிறார்கள். துறைமுகம் இல்லாத காலம். கப்பல் நடுக்கடலில் நிற்கும், அலையில் படகு விட்டு மூட்டையையும் மனுஷரையும் இறக்குவார்கள். இந்த ஊர் வெயிலைப் பற்றி அவருடைய மகன் நான்கு பக்கம் திட்டி எழுதியிருக்கிறார். அதை அடித்த அன்று எங்கள் ஏசி ரிப்பேர். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் பிரியம் வந்தது.

அந்த மகன்தான் பாய்க் கப்பலை விற்றுவிட்டு நீராவிக் கப்பல் வாங்கியவர். குடும்பம் பெரிய குடும்பமானது அவரால். பர்மாவுக்கும் மொரீஷியஸுக்கும் நம் ஊர் ஆட்களை ஏற்றிப்போன கணக்கெல்லாம் அவர் காலத்துக் காகிதத்தில் வரும். மேல்தளத்தில் இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். அவருடைய நாய்க்குப் பெயர் இருக்கும், இவர்களுக்கு இருக்காது. குடும்பத்தார் பெயர்களை மட்டும் தனியாகக் குறித்தால் போதும் என்பது எங்களுக்கு வந்த உத்தரவு. எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே அடித்துவிட்டுப் போவோம். அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்குள் அடிதடி, பாகப்பிரிவினை, கடைசியில் ஒவ்வொரு கப்பலாக விற்று எல்லாம் தீர்ந்துவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது காகிதமும் ஒரு வயசான அம்மாளும். அந்த அம்மாள்தான் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று எங்களிடம் வேலையைக் கொடுத்தது.

போன மழையில் எங்கள் மாடியில் ஒரு பக்கம் ஒழுகியது. ஒழுகாத பக்கத்தில் எல்லோரையும் நெருக்கி உட்கார வைத்தார்கள். அவள் மேஜையும் என் மேஜையும் ஒட்டிக்கொண்டன. ஜோடிகள் பக்கத்தில் உட்காரக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. தண்ணீர் சொட்டுகிறபோது விதியை யார் பார்க்கிறார்கள்? அந்த வாரத்தில்தான் பைபிள் பக்கம் வந்தது.

அந்த ஊர்க்காரர்கள் வீட்டு பைபிளின் முன்பக்கத்தில் பிள்ளைகள் பிறந்ததையும் இறந்ததையும் எழுதி வைப்பார்கள். தச்சரின் கையெழுத்து எனக்கு அத்துப்படி. முதல் பிள்ளை, ஆண், பெயர், தேதி. கீழே சின்னதாக, பதினோரு வாரத்தில் இறந்தது என்று ஒரு வரி. அதற்குக் கீழே இரண்டு வருஷம் கழித்து இன்னொரு ஆண் பிள்ளை. அதே பெயர். இரண்டாவது பிள்ளையைக் கண்டதும், கிழவர் ஒரே பிள்ளையை மறந்துபோய் இரண்டு தடவை எழுதிவிட்டார் என்று நினைத்தேன். செத்த குழந்தையின் பெயரை எடுத்து யாராவது அடுத்த குழந்தைக்கு வைப்பார்களா? டூப்ளிகேட் என்று குறித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன். இறப்பைப் பற்றிய வரியை விரல் அடித்ததே தவிர, நான் சரியாகப் படிக்கக்கூட இல்லை. அந்த மாதிரி வரிகளில் என் கண் நிற்காது. வழுக்கிக்கொண்டு போய்விடும்.

டூப்ளிகேட் என்று குறித்தால் கம்ப்யூட்டர் முதல் ஆளை வைத்துக்கொண்டு இரண்டாவது ஆளைத் தூக்கிவிடும். அவளும் டூப்ளிகேட் என்றே குறித்திருந்தாள். இரண்டும் ஒத்துப்போயிற்று, பக்கம் தேறிவிட்டது. நீராவிக் கப்பல் வாங்கின மனிதரை, மெட்ராஸ் வெயிலைத் திட்டின மனிதரை, பதினோரு வாரக் குழந்தையாகக் கொன்று புதைத்துவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து மெயில் வந்தது. என் கொள்ளுத்தாத்தா பதினோரு வாரத்தில் இறந்துபோனார் என்று வம்சப் பட்டியலில் இருக்கிறது, அப்படியானால் நான் எப்படிப் பிறந்தேன் என்று கேட்டிருந்தார். மேனேஜர் அதை எங்களிடம் படித்துக் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

மேனேஜர் ஈரோட்டுப் பையன், முப்பத்திரண்டு வயசு இருக்கும். கெட்டவர் இல்லை. மேலேயிருந்து வருகிற திட்டைக் கீழே கொஞ்சம் குறைத்துத்தான் அனுப்புவார். என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒருத்தருக்குத் தப்பு வர்றது சகஜம்ங்க மேடம். ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல ஒரே தப்பு எப்படிங்க வரும்? ஒருத்தர் அடிச்சதப் பாத்து இன்னொருத்தர் அடிச்சாத்தான் வரும். நீங்க அவங்களப் பாத்து அடிக்க வேண்டிய அவசியம் இல்லை. அவங்கதான் உங்களப் பாத்திருக்காங்க."

"அவ பாக்கல சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

எதை வைத்துச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை.

"பாத்து அடிச்சா மூணாவது லெட்டர்தாங்க. நாளைக்கு மூணு மணிக்கு அந்தம்மா வீடியோ கால்ல வர்றாங்க. சம்பந்தப்பட்டவங்கள நீக்கியாச்சுன்னு சொன்னாத்தான் மிச்ச வேலை நமக்கு வரும். உங்களுக்கு வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். கீபோர்டில் ஒட்டியிருந்த தூசியை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். "நீ பாக்கலைன்னு எனக்குத் தெரியும்டி. நான் பேசறேன்" என்றேன். "வுடுக்கா. நீ எதுக்கு மாட்டிக்கினு. என் தலையெழுத்து" என்றாள்.

அவள் பார்க்கவில்லை என்று நான் ஏன் அவ்வளவு உறுதியாக நம்பினேன் என்றால், அந்தத் தப்பு எனக்கு எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் அங்கேயிருந்துதான் வந்திருக்கும் என்று நினைத்தேன். நம் ஊரில் பிள்ளை பெற்ற யாருக்கும் அப்படித்தானே தோன்றும்?

எனக்கு மூத்தது ஒரு பெண். நான்கு மாதம் இருந்தாள். இதயத்தில் ஓட்டை என்றார்கள். எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் ஆவடிக்கும் மாறி மாறி ரயிலில் தூக்கிக்கொண்டு அலைந்தேன். ஒரு நாள் திரும்பி வரும்போது மடி காலி. அந்தப் பெயரை என் வீட்டுக்காரரும் நானும் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட உச்சரித்ததில்லை. பேசி வைத்துக்கொண்டது இல்லை. தானாக அப்படி ஆகிவிட்டது. டிவியில் யாருக்காவது அந்தப் பெயர் இருந்தால் அவர் சேனலை மாற்றுவார்.

இரண்டாவது பெண் பிறந்ததும் எங்கள் ஊர் வழக்கப்படி தவிட்டுக்கு விற்று வாங்கினோம். முதல் பிள்ளை தங்காவிட்டால் அடுத்ததை ஒரு முறம் தவிட்டுக்கு வேறொருத்திக்கு விற்றுவிட்டு, அப்புறம் திரும்ப வாங்கிக்கொள்வது. நமக்கு வேண்டிய பிள்ளை இல்லை என்று எமனை ஏமாற்றுகிற வேலை. அதற்காகத்தான் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் வைத்தார்கள். எதிர் பிளாட் பெண்மணிதான் விலைக்கு வாங்கினாள். தவிட்டுக்கு என் வீட்டுக்காரர் திருமுல்லைவாயில் மாட்டுத் தீவனக் கடைக்குப் போய்வந்தார். இன்ஜினியரிங் படித்த மனிதர், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார். ஆனால் போனார். அந்தப் பெண் இன்றைக்கு வேலப்பன்சாவடியில் காலேஜ் படிக்கிறாள். பெயரைத் தேடும்போது மூத்தவள் பெயரில் இருந்த ஒரு எழுத்துகூட இதில் வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்தேன்.

அப்படிப்பட்டவளிடம் பைபிள் பக்கத்தைக் கொடுத்தால் என்ன குறிப்பாள்?

இதைச் சொன்னால் குத்தம்பாக்கத்துக்காரி வேலை தப்பும். பார்த்து அடிக்கவில்லை, இந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேருக்குமே அப்படித்தான் தோன்றியது என்று அந்த அம்மாளிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மூத்தவளை வெளியே எடுக்க வேண்டும். இருபது வருஷமாக உள்ளே வைத்திருந்ததை ஒரு எச்சரிக்கைக் கடிதத்துக்காக எடுக்க வேண்டுமா என்று எரிச்சலாக வந்தது. பக்கத்து மேஜைக்காரிமேல் எரிச்சல், அந்த ஈரோட்டுப் பையன்மேல் எரிச்சல், பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூடப் பஞ்சம் பிடித்துப்போன அந்தக் கப்பல் தச்சர்மேல் எல்லாரையும்விட அதிக எரிச்சல். காலையில் குக்கர் மூன்று விசில் என்பதை மறந்து ஆறு விட்டேன். சாதம் கஞ்சியாகிவிட்டது. மகள் முணுமுணுத்துக்கொண்டே டப்பாவில் போட்டுக்கொண்டு போனாள்.

மூன்று மணிக்கு மேனேஜர் அறையில் நாங்கள் இரண்டு பேரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தோம். திரையில் அந்த அம்மாள். வெள்ளை முடி, நீல ஸ்வெட்டர், பின்னால் சமையலறை. அவர் முகத்தில் தச்சரின் ஜாடை இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். தச்சரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மேனேஜர் ஆரம்பித்தார். மனிதத் தவறு, வருந்துகிறோம், சம்பந்தப்பட்ட ஊழியர்மேல் நடவடிக்கை என்று எழுதி வைத்திருந்ததைப் படித்தார். பக்கத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நடவடிக்கை என்ற வார்த்தைக்கு அவள் கால் ஆடுவது நின்றது.

நான் குறுக்கே பேசினேன். என் இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் போகும். எங்கள் ஊரில் இறந்த குழந்தையின் பெயரை அடுத்த குழந்தைக்கு வைக்க மாட்டோம் என்றேன். அதனால் இரண்டு பேருக்குமே ஒரே ஆள் என்றுதான் தோன்றியது, இவள் என்னைப் பார்த்து அடிக்கவில்லை என்றேன். மேனேஜர் மேஜைக்குக் கீழே கையை ஆட்டினார். நான் நிறுத்தவில்லை. எனக்கும் ஒரு பெண் இருந்தாள், நான்கு மாதம், அடுத்தவளுக்கு அந்தப் பெயரை வைக்க என்னால் முடியாது, அதனால்தான் உங்கள் கொள்ளுத்தாத்தாவை நான் நம்பவில்லை என்றேன்.

நெட் போய்விட்டதோ என்று மேனேஜர் வயரை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் அந்த அம்மாள், உங்கள் மகளின் பெயர் என்ன என்று கேட்டார்.

சொன்னேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. மேனேஜர் சுவரைப் பார்த்தார். அந்த அம்மாள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், தப்பாகத்தான் சொன்னார், நான் திருத்தவில்லை. எங்கள் வீட்டில் பதினோரு வாரத்தில் போன அந்த முதல் குழந்தையைப் பற்றி யாரும் பேசியதே கிடையாது, கொள்ளுத்தாத்தாவின் பெயர் முதலில் அந்தக் குழந்தைக்குத்தான் சொந்தமாக இருந்தது என்பதை நானும் யோசித்ததில்லை என்றார். பிறகு மேனேஜரிடம், இதற்காக யாருடைய வேலையும் போகக் கூடாது, ஒரே பெயரில் பிள்ளைகள் வந்தால் தனித்தனி ஆளாகக் குறிக்க வேண்டும் என்று உத்தரவில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், போதும் என்றார். அவ்வளவுதான். இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மேனேஜர் எழுந்து நின்று, "தேங்க்ஸ்ங்க மேடம்" என்றார். எனக்கா, திரைக்கா என்று தெரியவில்லை.

சாயங்காலம் மண்ணூர்பேட்டை ஸ்டாப்பிங்கில் நின்றோம். ஐந்தரை மணிக்கு எஸ்டேட் மொத்தமும் ரோட்டுக்கு வந்துவிடும். நிற்கக்கூட இடம் இருக்காது. எனக்கு முதுகும் கழுத்தும் விண்ணென்று தெறித்தன. ஆனாலும் ஒரு காரியம் செய்து முடித்த நிம்மதி இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவள் ரொம்ப நேரம் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க ஊட்ல வெப்பாங்கக்கா" என்றாள்.

"என்ன வெப்பாங்க?"

"செத்துப்போன புள்ள பேரு. எனக்கு மேல ஒரு அண்ணன் பொறந்து ரெண்டு மாசத்துல பூட்டான். அப்பால பொறந்தவனுக்கும் அதே பேருதான் வெச்சாங்க. போனவனே திரும்பி வந்துக்கிறான்னு எங்கம்மா சொல்லிக்கினே கெடக்கும். அவன்தான் இப்ப பூந்தமல்லில ஆட்டோ ஓட்டிக்கினு கீறான்."

எனக்கு உடனே புரியவில்லை. "அப்ப அந்தப் பக்கத்தை நீ ஏன்..."

"நான் மொதல்ல ரெண்டு ஆளாத்தான்க்கா அடிச்சேன். பாத்த ஒடனே தெரிஞ்சிபோச்சி. எங்க ஊட்டு மாரியே கீதேன்னு நெனச்சேன். அப்பால ஒன் ஸ்க்ரீனப் பாத்தேன். நீ டூப்ளிகேட்னு போட்டுக்கினு இருந்த. நானும் மாத்திட்டேன்."

"ஏண்டி மாத்தின? நீ அடிச்சதுதானே சரி?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீ ஒண்ணு நான் ஒண்ணு அடிச்சா யாரு சரின்னு சொல்வாங்க? எனக்கே நீதான் சரின்னு தோணிச்சிக்கா. நீ போய் தப்பா அடிப்பியா?"

கேலியாகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். நிஜமாகவே நம்பித்தான் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று வைத்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாமே. முதல்ல சரியாத்தான் அடிச்சேன்னு நீ அவர்கிட்ட சொல்லியிருந்தா..."

"சொன்னா தப்பு மொத்தமும் ஒன் பேர்ல வந்துடும். பாத்து மாத்துனதுக்கு எனக்கும் லெட்டர்தான். ரெண்டு பேரும் மாட்டறதுக்கு நான் ஒருத்தி போனா போதும்னு வுட்டுட்டேன்."

"இன்னிக்கு உள்ள உக்காந்திருந்தப்பயாவது?"

"சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீ ஒன் பொண்ணு பேரச் சொல்லிட்டியே. அதுக்கு மேல நான் இன்னாத்தக்கா சொல்றது?"

பூந்தமல்லி பஸ் வந்தது. அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி, படியிலிருந்து திரும்பி, நாளைக்குப் பார்க்கலாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். பதினைந்து வருஷமாக என்னோடு ஜோடியாக அடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் சரியாக அடித்ததை என் திரையைப் பார்த்து அழித்தார்கள் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.